கடத்தாத பொருள் மீக்கடத்தியான கதை

மின்கம்பத்தில் கம்பி கம்பத்தைத் தொடாதிருக்கப் பீங்கான் கிண்ணம் பொருத்துகிறார்கள். உலோக ஆக்சைடுகளைச் சுட்டு ஆக்கும் பொருள்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தாது என்பது தெரிந்த சங்கதி. லாந்தனமும் செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கறுப்பு ஆக்சைடு ஒன்று உண்டு. அதுவும் இந்தக் குடும்பம்தான். தட்டினால் உடையும், மின்சாரம் போகாது. அதே பொருளைத் தயாரிக்கும்போது லாந்தன அணுக்களில் நூற்றுக்கு எட்டைக் குறைத்து, அந்த இடத்தில் ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்துச் சுட்டால் கதை மாறிவிடுகிறது. மைனஸ் 235 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்ததும் அதன் மின்தடை அறவே ஒழிந்துபோகிறது. அதை வளையமாக்கி ஒருமுறை மின்னோட்டத்தைத் தொடங்கிவிட்டால், குளிர் நீடிக்கும்வரை மின்கலம் எதுவும் இல்லாமலே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

நூறில் எட்டு அணுவை மாற்றியதற்கு இத்தனை பெரிய பலன் எப்படி வந்தது? நாற்பது ஆண்டுகளாக இயற்பியலாளர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த உழைப்பில் தெளிந்த செய்திகளில் மிக அழகானது ஒன்று: இந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்த மறுப்பதற்கு எது காரணமோ, அதன் முத்திரை அது மீக்கடத்தியாகும், அதாவது தடையின்றிக் கடத்தும், விதத்திலும் பதிந்திருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் விசைதான் அது. அந்த விசை முதலில் ஓட்டத்தை முடக்குகிறது; கொஞ்சம் இடம் கொடுத்தால், தடையே இல்லாத ஓட்டத்துக்கு வடிவம் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, அந்தப் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன, எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

உலோகங்களின் காலம்

மீக்கடத்துத்திறன் முதலில் தெரியவந்தது 1911இல். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் திரவ ஹீலியத்தில் பாதரசத்தைக் குளிர்வித்தார். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. ஏன் மறைகிறது என்று சொல்ல 46 ஆண்டுகள் பிடித்தன. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை தந்தார்கள். படிகத்தின் வழியே போகும் எலக்ட்ரான், நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகளைத் தன் பக்கம் சற்றே இழுக்கிறது. அயனிகள் கனமானவை, பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கின்றன. அதற்குள் எலக்ட்ரான் வெகுதூரம் போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற நேர்மின் செறிவு இன்னொரு எலக்ட்ரானை இழுக்கிறது. இப்படி அயனிகளின் அதிர்வு நடுவே நின்று இரண்டு எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது. கோடானுகோடி இணைகள் ஒரே அலையாக ஒன்றுபட்டு நகரும்போது, சிறு மோதல்களால் அந்த அலையைக் கலைக்க முடிவதில்லை. மின்தடை இல்லாமல் போகிறது.

கோட்பாடு அருமையானது. ஆனால் அதிர்வுகள் சேர்த்துவைக்கும் இணை வலுவில்லாதது; சிறிது சூடேறினாலே பிரிந்துவிடும். 1973இல் நயோபியமும் ஜெர்மானியமும் சேர்ந்த கலவை 23 கெல்வினைத் தொட்டது. அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கு எந்தப் பொருளும் அதைத் தாண்டவில்லை.

தாண்டியது 1986இல். சுவிட்சர்லாந்தில் ஜூரிக் அருகே உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் கார்ல் அலெக்ஸ் முல்லரும் கெயார்க் பெட்நோர்ட்ஸும் யாரும் எதிர்பாராத இடத்தில், ஆக்சைடுகளில், தேடினார்கள். பேரியம் கலந்த லாந்தனச் செம்பு ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேலேயே மின்தடை சரியத் தொடங்கியது. 1987 தொடக்கத்தில் பால் சூ, மாவ்-குவென் வூ ஆகியோரின் குழுக்கள் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தை வைத்து 93 கெல்வினை எட்டின. நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். ஆகவே விலை மிகுந்த திரவ ஹீலியத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்றானது. அந்த ஆண்டு மார்ச் 18 அன்று நியூயார்க்கில் கூடிய இயற்பியலாளர் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் நீண்டது. முல்லருக்கும் பெட்நோர்ட்ஸுக்கும் அதே ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1993இல் பாதரசம் கலந்த செம்பு ஆக்சைடு 133 கெல்வினைத் தாண்டியது. சாதாரண அழுத்தத்தில் நெடுங்காலம் அசையாமல் நின்ற உச்சம் அது.

எல்லாம் நடக்கும் தளம்

இந்தச் செம்பு ஆக்சைடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இன்று உண்டு. லாந்தனம், இட்ரியம், பேரியம், பிஸ்மத், தாலியம், பாதரசம் என்று உடன் சேரும் தனிமங்கள் மாறும். மாறாதது ஒன்று: செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த, ஓர் அணு கனமே உள்ள தளம். அதில் செம்பு அணுக்கள் சதுரக் கட்டங்களின் முனைகளில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு செம்புக்கு நடுவே ஓர் ஆக்சிஜன். செம்புக்கும் செம்புக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 0.38 நானோமீட்டர். இத்தகைய தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் இருப்பவை மற்றத் தனிமங்களின் அடுக்குகள்.

நடு அடுக்குகளின் வேலை, தளத்திலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது, தளங்களைத் தள்ளி வைப்பது. மின்சாரம் ஓடுவது தளத்துக்குள்தான். பிஸ்மத் வகைப் படிகத்தில், தளத்தோடு ஒட்டி ஓடும் மின்னோட்டத்துக்கு உள்ள தடையைவிட ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தாவும் மின்னோட்டத்துக்கு உள்ள தடை பத்தாயிரம் மடங்குக்கும் மேல். எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை இந்தப் படிகம் ஏறத்தாழ இரு பரிமாண உலகம்.

தளங்கள் நெருங்கி நின்றால் பலன் கூடுகிறது. பாதரச வகையில் ஓர் அலகுக்கு ஒரு தளம் இருந்தால், மின்தடை மறையும் மாறுநிலை வெப்பநிலை சுமார் 95 கெல்வின். இரண்டு தளம் என்றால் 127. மூன்று என்றால் 134. நான்காவதைச் சேர்த்தால் இறங்கிவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட தளங்களுக்கு நடு அடுக்குகளின் கை எட்டுவதில்லை என்பது ஒரு காரணம்.

பொய்த்துப்போன கணக்கு

இனி எலக்ட்ரான்களை எண்ணுவோம். செம்பு அணுவில் 29 எலக்ட்ரான்கள். ஆக்சைடில் அது இரண்டை இழந்து 27 வைத்திருக்கும். வெளிப்புற 'டி' கூட்டில் பத்துக்கு ஒன்பது இருக்கும். ஆற்றலில் மேலே இருக்கும் ஆர்பிட்டால் நான்கு இதழ் கொண்டது; நான்கு இதழும் நான்கு ஆக்சிஜன்களை நோக்கி நீண்டிருக்கும். அதில் இரண்டு எலக்ட்ரான் இருக்கலாம், இருப்பது ஒன்று. ஆகவே செம்புக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் தளம் பாதி நிரம்பியிருக்கிறது.

எலக்ட்ரான்கள் பகிர்ந்துகொள்ளும் ஆற்றல் பட்டை பாதி நிரம்பியிருந்தால் பொருள் உலோகமாகத்தான் இருக்க வேண்டும். கல்லூரிப் பாடநூல் அப்படித்தான் சொல்லும். 1987இல் வெளிவந்த பட்டைக் கணக்குகளும் லாந்தனச் செம்பு ஆக்சைடு உலோகம் என்றே காட்டின. சோதனையிலோ அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள். எலக்ட்ரானை அசைக்கக் குறைந்தது 2 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் தேவைப்பட்டது.

பட்டைக் கோட்பாடு ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியாக நடத்துகிறது. மற்ற எலக்ட்ரான்களின் விளைவைச் சராசரியாக எடுத்துக்கொள்கிறது. தாமிரக் கம்பிக்கு அது போதும். இந்தத் தளத்தில் ஆர்பிட்டால் சிறியது. ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான்கள் வந்து நெருங்கினால் அவற்றின் விலக்கு ஆற்றல் 8 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் போகிறது. பக்கத்து அணுவுக்குத் தாவுவதால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் இலாபம் அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. தாவ ஆசை இருந்தாலும் கட்டுபடியாகவில்லை.

பல்லாங்குழிப் பலகையில் ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு சோழியைப் போட்டுவிட்டு, எந்தக் குழியிலும் இரண்டு சோழி சேரக்கூடாது என்று விதி வைத்தால் யாராலும் காய் நகர்த்த முடியாது. சோழிகள் ஏராளம், பலகை முழுக்க இருக்கின்றன, ஆட்டம் மட்டும் நடக்காது. இப்படி, எலக்ட்ரான் பஞ்சத்தால் அன்றி நெரிசலால் கடத்தாமல் போகும் பொருளை மாட் மின்காப்புப் பொருள் என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விளக்கிய நெவில் மாட்டின் பெயரால் வந்தது. செம்பு ஆக்சைடில் ஒரு நுணுக்கம் கூடுதலாக உண்டு. எலக்ட்ரானை அசைக்கும்போது அது இன்னொரு செம்பிலிருந்து வருவதைவிடப் பக்கத்து ஆக்சிஜனிலிருந்து வருவது மலிவு. அதனால்தான் இடைவெளி 8 என்று இல்லாமல் 2 எலக்ட்ரான் வோல்ட்டோடு நிற்கிறது.

நின்ற இடத்தில் பேசிக்கொள்ளும் எலக்ட்ரான்கள்

நகர முடியாத எலக்ட்ரான்கள் சும்மா இருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி உண்டு. அது மேல்நோக்கி இருக்கலாம், கீழ்நோக்கி இருக்கலாம். எலக்ட்ரான் பக்கத்து அணுவில் நிலையாகத் தங்க முடியாவிட்டாலும் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குவாண்டம் விதிகள் அனுமதிக்கின்றன. அந்த எட்டிப்பார்த்தலால் ஆற்றல் சிறிது குறைகிறது. ஆனால் ஒரே திசையில் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே ஆர்பிட்டாலில் ஒரு கணமும் இருக்க முடியாது. அது பவுலியின் தடை. ஆகவே பக்கத்து எலக்ட்ரான் எதிர்த்திசையில் சுழன்றால்தான் எட்டிப் பார்க்க வாய்ப்பு. விளைவு, தளம் முழுக்க ஒன்று மேல், அடுத்தது கீழ் என்று தற்சுழற்சிகள் மாறி மாறி அணிவகுக்கின்றன.

இந்த ஒழுங்கு எளிதில் கலைவதில்லை. தூய லாந்தனச் செம்பு ஆக்சைடில் அது ஏறக்குறைய 325 கெல்வின், அதாவது 52 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு தற்சுழற்சிகளைப் பிணைக்கும் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் சுமார் 1500 கெல்வின். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அயனி அதிர்வுகளின் ஆற்றலைவிட இது பெரிது. எலக்ட்ரான்களை இணை சேர்க்க இந்தப் பிணைப்பே உதவினால், உயர்ந்த வெப்பநிலையிலும் இணை பிரியாதிருப்பதில் வியப்பில்லை.

இப்போது ஸ்ட்ரான்சியத்துக்கு வருவோம். லாந்தன அணு மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்கும்; ஸ்ட்ரான்சியம் இரண்டைத்தான் கொடுக்கும். குறைகிற ஒன்றுக்காகத் தளத்தில் ஓர் எலக்ட்ரான் இல்லாத இடம், ஒரு துளை, உண்டாகிறது. துளை பெரும்பாலும் ஒரு செம்பைச் சூழ்ந்த நான்கு ஆக்சிஜன்களில் பரவி, நடுவிலுள்ள செம்பின் தற்சுழற்சியோடு எதிரெதிராகப் பிணைந்துகொள்கிறது. 1988இல் ஜாங், ரைஸ் இருவரும் இதைக் காட்டினார்கள். இந்தத் துளைகள் நகரும். அவை நகர்வதால் தற்சுழற்சிகளின் அணிவகுப்பு குலைகிறது.

நூறு செம்புக்கு இரண்டு துளை வந்தாலே நெடுந்தூர அணிவகுப்பு கலைந்துவிடும். ஐந்து வந்தால் மீக்கடத்துத்திறன் தலைகாட்டும். 16 அளவில், அதாவது ஆறு செம்புக்கு ஒரு துளை என்ற விகிதத்தில், மாறுநிலை வெப்பநிலை உச்சத்தை அடையும். அதற்குமேல் இறங்கி, 27 அருகில் மீக்கடத்துத்திறன் மறையும். அப்பால் இருப்பது பாடநூல் சொன்ன சாதாரண உலோகம். ஒரே பொருள், ஒரே தளம். எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் மின்காப்புப் பொருள், காந்த ஒழுங்கு, மீக்கடத்தி, உலோகம் என்று நான்கு நிலைகளைத் தாண்டிப் போகிறது.

எலக்ட்ரான்களை வெளியே அழைத்துக் கேட்பது

படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்தத் திசையில், எந்த ஆற்றலில் போகின்றன என்பதை நேரில் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியேறும் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். வெளிவரும் எலக்ட்ரானின் வேகத்தை அளந்தால் உள்ளே அதற்கு என்ன ஆற்றல் இருந்தது என்று தெரியும். எந்தக் கோணத்தில் வருகிறது என்று அளந்தால் தளத்துக்குள் எந்த உந்தத்தோடு போய்க்கொண்டிருந்தது என்று தெரியும். கோணத்தோடு கூடிய இந்த ஒளிமின் அளவீடு, இரு பரிமாண எலக்ட்ரான்களுக்கென்றே பிறந்தது போல் பொருந்தியது.

வெளிவரும் எலக்ட்ரான்கள் மேற்பரப்பின் ஒரு நானோமீட்டர் அளவு ஆழத்திலிருந்துதான் வருகின்றன. ஆகவே அந்த மேற்பரப்பில் தூசியும் காற்றும் படக்கூடாது. பிஸ்மத் வகைப் படிகம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அதில் இரண்டு பிஸ்மத்-ஆக்சிஜன் அடுக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கிடையே பிணைப்பு மிக மெலிது. ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள, பளபளக்கும் கறுப்புச் சில்லு ஒன்றை எடுத்துத் தாங்கியில் ஒட்டுவார்கள். அதன் மேல்முகத்தில் ஒரு சின்னப் பீங்கான் குச்சியை நிறுத்திப் பசையால் ஒட்டுவார்கள். பிறகு வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றிடத்துக்குள் அதைக் கொண்டுபோய்க் குளிர்விப்பார்கள். உள்ளே நீட்டிய ஒரு கம்பியால் குச்சியை ஒரு தட்டுத் தட்டினால் அது சாய்ந்து விழும். விழும்போது மேல் ஏட்டையும் உரித்துக்கொண்டு போகும். எந்தக் காற்றும் தொட்டிராத புத்தம்புது முகம் வெளிப்படும். அந்த முகம் மாசுபடுவதற்குள் அளந்து முடிக்க வேண்டும்.

1993இல் ஸ்டான்ஃபோர்டில் ஜி-ஷுன் ஷென்னின் குழு இப்படி அளந்து பார்த்தது. எலக்ட்ரான் இணையை உடைக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். பழைய மீக்கடத்திகளில் அது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இங்கே அப்படி இல்லை. செம்பிலிருந்து ஆக்சிஜனை நோக்கிய திசையில் அது மிகப் பெரிதாக, 0.03 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டி இருந்தது. சதுரத்தின் மூலைவிட்டத் திசையை நோக்கிப் போகப் போகக் குறைந்து, அளக்க முடியாத அளவுக்குச் சுருங்கிப்போனது. மைனஸ் 200 டிகிரியிலும் உறுதியாக நிற்கும் ஒரு மீக்கடத்தியில், நான்கு திசைகளில் இணைப்பே இல்லாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன.

அரைப் பங்கு காந்தப்பாயம்

இந்த வடிவத்துக்கு டி-அலை என்று பெயர். இதில் இணையின் அலை ஒரு திசையில் நேர்க்குறியும், அதற்குச் செங்குத்தான திசையில் எதிர்க்குறியும் கொண்டது. நடுவே மூலைவிட்டத்தில் சுழியம். ஒளிமின் அளவீடு அளவைச் சொல்லும், குறியைச் சொல்லாது. குறி உண்மையிலேயே மாறுகிறதா?

1994இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் நியூயார்க் ஆய்வகத்தில் சாங் சூயேயும் ஜான் கர்ட்லியும் இதற்கு ஒரு சோதனை கட்டினார்கள். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத் துண்டுகள் மூன்றை வெவ்வேறு கோணங்களில் திருப்பி ஒரு புள்ளியில் சந்திக்குமாறு பொருத்தினார்கள். அதன்மேல் இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடை மெல்லிய படலமாக வளர்த்தார்கள். படலமும் அடியிலுள்ள படிகத்தின் திசைகளையே பின்பற்றி வளரும். அதில் 50 மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறுக்களவுள்ள வளையங்களைச் செதுக்கினார்கள். ஒரு வளையம் மூன்று துண்டுகளும் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி. மற்றவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தள்ளி.

மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப்பாயம் குறிப்பிட்ட ஓர் அலகின் முழு மடங்குகளில்தான் இருக்க முடியும். அலை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் தன்னோடு தானே பொருந்த வேண்டும் என்பது காரணம். நடு வளையத்தின் கோணங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்றால், இணை டி-அலையாக இருந்தால் ஒரு சுற்று முடிவில் குறி மாறிவிடும்; பொருந்தாது. பொருந்த வைக்க, வெளியே காந்தப்புலம் எதுவும் இல்லாத நிலையிலும் வளையத்தில் தானாக மின்னோட்டம் பிறந்து, அலகில் சரிபாதி அளவு காந்தப்பாயத்தை உண்டாக்க வேண்டும். மற்ற வளையங்களில் ஒன்றும் இருக்கக்கூடாது. நுண்காந்தமானியால் வருடிப் பார்த்தபோது நடு வளையத்தில் மட்டும் அரை அலகு இருந்தது. விவாதம் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

டி-அலை எதைச் சொல்கிறது? நேர்க்குறியும் எதிர்க்குறியும் சமமாக இருப்பதால், இணையின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே செம்பின்மேல் சேர்ந்திருக்கும் வாய்ப்பு ரத்தாகிவிடுகிறது. அவை பக்கத்துப் பக்கத்துச் செம்புகளில் இருக்கும் வாய்ப்பே மிகுதி. அதாவது, ஒரே இடத்தில் இருக்க மாட்டோம் என்ற எலக்ட்ரான்களின் பிடிவாதத்தை இணை மீறவில்லை, மதித்து நடக்கிறது. பக்கத்தில் எதிர்ச்சுழற்சியோடு நிற்பதில் இலாபம் என்ற பழைய பாடமும் அந்த இணையில் அப்படியே இருக்கிறது. மின்காப்பு நிலையில் எழுதப்பட்ட விதிகளே மீக்கடத்தும் நிலையின் வடிவத்தையும் வரைகின்றன.

1987 தொடக்கத்திலேயே இந்தத் தொடர்பைக் கண்டு பேசியவர் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். அந்த ஜனவரியில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் தம் எண்ணத்தை முன்வைத்தார். மின்காப்பு நிலையிலேயே பக்கத்து எலக்ட்ரான்கள் எதிர்ச்சுழற்சி இணைகளாகச் சேர்ந்து, இணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. துளைகள் வந்ததும் அந்த இணைகளுக்கு நகர வழி கிடைக்கிறது. அதுவே மீக்கடத்துத்திறன் என்றார். இந்த எண்ணத்தைக் கணக்காக வடித்த முதல் கட்டுரைகளில் ஒன்றை அதே ஆண்டு அவரோடும் ஜோ என்ற ஆய்வாளரோடும் சேர்ந்து எழுதியவர் கணபதி பாஸ்கரன். பின்னாளில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். காந்தத் தற்சுழற்சிகளின் அலைவே எலக்ட்ரான்களை ஒட்டவைக்கிறது என்று சொல்லும் மற்றொரு பள்ளியும் வலுவாக இருக்கிறது. இரண்டு பள்ளிக்கும் தொடக்கப்புள்ளி அந்த விலக்கு விசைதான்.

சுருங்கிப்போன பரப்பு

உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பிய உந்தங்களுக்கும் நிரம்பாதவற்றுக்கும் நடுவே உள்ள எல்லையை ஃபெர்மி பரப்பு என்கிறோம். இரு பரிமாணத்தில் அது ஒரு மூடிய கோடு. அது அடைக்கும் பரப்பளவு எத்தனை எலக்ட்ரான்கள் அல்லது துளைகள் ஓட்டத்தில் இருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும்.

வலிமையான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் இந்தக் கோட்டைச் சுற்றி வரும். புலத்தைக் கூட்டக் கூட்ட மின்தடை மெல்ல ஏறி இறங்கி அலையும். அலையும் வேகத்திலிருந்து பரப்பளவைக் கணக்கிடலாம். துளை மிகுந்த தாலியம் வகையில் அந்தப் பரப்பு உந்தங்களின் முழு மண்டலத்தில் 65 விழுக்காடு என்று வந்தது. பட்டைக் கணக்கு சொன்னதும் அதுவே. துளை குறைந்த இட்ரியம் வகையில் லூயி தையெஃபேர், சிரில் புரூஸ்ட் குழு 2007இல், பிரான்ஸின் துலூஸ் நகரிலுள்ள ஆய்வகத்தில் 62 டெஸ்லா வரை புலத்தை ஏற்றி அளந்தது. வந்த விடை 2 விழுக்காடு.

பெரிய பரப்பு எங்கே போனது? ஒளிமின் அளவீடு ஏற்கெனவே ஒரு துப்புக் கொடுத்திருந்தது. துளை குறைந்த பொருளில், மாறுநிலை வெப்பநிலைக்கு மேலேயே, செம்பு-ஆக்சிஜன் திசையில் இருக்க வேண்டிய எலக்ட்ரான்கள் காணாமல் போய்விடுகின்றன. மூடிய கோட்டில் மூலைவிட்டத்தை ஒட்டிய வில் துண்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. போலி இடைவெளி என்று அழைக்கப்படும் இந்த நிலையின் முதல் அடையாளத்தை 1989இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகள் காட்டியிருந்தன. பின்னர் எக்ஸ் கதிர் ஆய்வுகள், அங்கே எலக்ட்ரான்கள் அடர்ந்தும் விலகியும் அலை அலையாய் அடுக்கிக்கொள்வதைக் கண்டுபிடித்தன. அந்த மின்னூட்ட ஒழுங்கு மூலைவிட்டப் பகுதியிலிருந்து சிறு பரப்பை வெட்டி எடுக்கிறது என்று விளக்கியவர்களில் முக்கியமானவர் சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்துகிறார்.

உச்ச மாறுநிலை வெப்பநிலை வாய்ந்த பொருளைச் சூடாக்கினால் இன்னொரு விந்தை தெரியும். அதன் மின்தடை வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில், கோடு போட்டது போல் ஏறுகிறது. லாந்தன வகையில் ஆயிரம் கெல்வின் வரைகூட இந்தப் போக்கு தொடர்கிறது. சாதாரண உலோகங்களில் எலக்ட்ரானைத் தனித்துகளாகப் பின்தொடர முடியும். இங்கே அது இரண்டு மோதல்களுக்கு நடுவே தனித்துகளாக வாழும் நேரமே குவாண்டம் விதிகள் விதிக்கும் இயல்பான எல்லையளவு குறுகியது. விசித்திர உலோகம் என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். எலக்ட்ரான்கள் தனித்தனி என்ற எண்ணத்தையே கைவிட வேண்டிய இடம் இது.

படிப்பின் பயன்

எலக்ட்ரான்களின் இந்த வடிவம் தொழிற்சாலைக்குள்ளும் வந்து நிற்கிறது. இணையின் அளவு தளத்தில் 2 நானோமீட்டருக்கு மேல் போவதில்லை. குறியும் திசைக்குத் திசை மாறும். அதனால் அடுத்தடுத்த படிகத் துகள்கள் சில டிகிரி கோணம் விலகினாலே அவற்றுக்கிடையே மின்னோட்டம் சரசரவென்று குறைந்துவிடும். 1988இலேயே ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஆகவே இட்ரியம் வகையை உலோகம்போலக் கம்பியாக இழுக்க வழியில்லை. நெகிழும் உலோக நாடாவின்மேல், எல்லாத் துகள்களும் ஒரே திசை பார்க்குமாறு, ஒரு மைக்ரோமீட்டர் கனத்துக்குப் படலமாக வளர்க்கிறார்கள். அந்த நாடாவைச் சுற்றிச் செய்த காந்தம் ஒன்று 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 20 டெஸ்லா புலத்தை எட்டியது. அணுக்கரு இணைவு உலைக்காகச் செய்யப்பட்டது அது.

இன்னொரு பயன், புதிய பொருளைத் தேட வழி தெரிந்தது. தனிம அட்டவணையில் செம்புக்கு இடப்பக்கம் நிக்கல். அதில் 28 எலக்ட்ரான்கள். அது ஒன்றை மட்டும் இழக்குமாறு செய்தால் 27. ஆக்சைடில் உள்ள செம்பின் அதே எண்ணிக்கை, அதே பாதி நிரம்பிய நான்கிதழ் ஆர்பிட்டால். அப்படி ஒரு நிக்கல் தளம் கிடைத்தால் மீக்கடத்தியாகலாம் என்று 1999இலேயே ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். நிக்கலோ அந்த நிலைக்கு எளிதில் வருவதில்லை. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெரால்ட் ஹ்வாங், டான்ஃபெங் லீ குழு அதைச் சாதித்தது. ஸ்ட்ரான்சியம் கலந்த நியோடிமிய நிக்கல் ஆக்சைடைப் படலமாக வளர்த்தார்கள். அதைக் கால்சியம் ஹைட்ரைடு தூளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, அடுப்பில் வைத்து மெல்லச் சூடாக்கினார்கள். ஹைட்ரைடு, தளங்களுக்கு நடுவே இருந்த ஆக்சிஜன்களை மட்டும் உருவி எடுத்தது. தளத்து ஆக்சிஜன்கள் அப்படியே நின்றன. மிஞ்சிய சதுரத் தளம் 9 முதல் 15 கெல்வினுக்குள் மீக்கடத்தியானது. 2023இல் சீன ஆய்வாளர்கள், நிக்கலின் எலக்ட்ரான் எண்ணிக்கை வேறான ஈரடுக்கு நிக்கல் ஆக்சைடை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,40,000 மடங்கு அழுத்தத்தில் வைத்து 80 கெல்வின் அளவை எட்டினார்கள்.

பெட்நோர்ட்ஸும் முல்லரும் துணிவாலும் பொறுமையாலும் கண்டெடுத்தார்கள். நிக்கல் தளத்தைச் செய்தவர்கள் எலக்ட்ரானை எண்ணி, அதன் ஆர்பிட்டாலைக் குறிவைத்து, வேண்டாத ஆக்சிஜனை உருவி எடுத்துச் செய்தார்கள். இடையே கழிந்த முப்பது ஆண்டுகளில் அறிவியல் சம்பாதித்தது இந்த வித்தியாசம். நம் வீட்டு வெப்பநிலையிலேயே தடையின்றி மின்சாரம் கொண்டுபோகும் பொருளுக்கு எந்த இயற்கை விதியும் தடை சொல்லவில்லை. அதைத் தேடுகிறவர்கள், நன்றாகக் கடத்தும் உலோகங்களின் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எலக்ட்ரான்கள் நெரிசலில் முடங்கி நிற்கும் பொருள்களை அள்ளி எடுத்து, எங்கே எவ்வளவு இடம் விட்டால் அவை சேர்ந்து நடக்கும் என்று கேட்பதே நல்ல தொடக்கம்.